எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்?

டிசம்பர் மாதம், பகல் 12 மணிக் கச்சேரி. 300 நாற்காலிகள் போட்ட அரங்கில் 11 பேர் இருந்தார்கள். மேடையில் உட்கார்ந்ததும் எண்ணிவிட்டேன். எண்ணாமலிருக்கப் பாடுகிறவர்களால் முடியாது. அந்தப் பதினொன்றில் என் அம்மா ஒருத்தி, வயலின் வாசித்த பெண்ணின் கணவர் ஒருவர், மைக் செட் பார்த்துக்கொள்பவர் ஒருவர்.

அன்று தோடியில் ஒரு பெரிய உருப்படியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியைத் தாளத்துக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பிப் பாடுவதுதான் நிரவல். வீட்டில் கட்டிவைத்துக்கொண்டு வர முடியாது. அந்த நேரத்தில் பிறக்க வேண்டும். பல வாரங்களாக அதற்காகத்தான் சாதகம் செய்திருந்தேன். ஆனால் காலி நாற்காலிகளைப் பார்த்ததும் மனசு சுருங்கிவிட்டது. நிரவலை விட்டுவிட்டேன். பேருக்கு நாலு ஸ்வரம் பாடி, மிருதங்கத்துக்குச் சின்னதாக ஒரு தனி விட்டு, மங்களம் பாடி முடித்தேன்.

கீழே இறங்கியபோது அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். "ஏம்மா, நிரவல் பண்ணலையா? நோட்டீஸ்ல உன் பேரைப் பார்த்துட்டுத் தாம்பரத்துலேருந்து வந்தேன்" என்றார்.

"நேரம் இல்லம்மா" என்றேன். இன்னும் 20 நிமிடம் பாக்கியிருந்தது. சுவரில் கடிகாரம் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

அந்தப் பொய்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 300 பேர் இருந்திருந்தால் நிரவல் பாடியிருப்பேன். அப்படியானால் தாம்பரத்து அம்மாவுக்கு நான் பட்டிருந்த கடன், அவர் பக்கத்தில் யாரும் உட்காராததால் குறைந்துவிட்டதா? பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தது அவர் குற்றமில்லை. வராதவர்கள் மேல் இருந்த கோபத்தை வந்தவர்கள் மேல் தீர்த்துக்கொண்டேன். மிருதங்கம் வாசித்த பையனுக்கும் அநியாயம் செய்தேன். அவனும் அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரக்கணக்கில் வாசித்தவன்.

கேட்பவர் ஒருவரானாலும் பாட்டை முழுதாகக் கொடுக்க வேண்டும். எளிய அறம்தான். ஆனால் பெண்ணான எனக்கு இதை இத்தோடு முடித்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பகல் நேரத்தை எனக்கு ஒதுக்கியவர், சன்மானம் இல்லை என்று சொன்ன அதே மூச்சில், "நாலு பேர் கேட்டாலும் சங்கீதம் சங்கீதம்தானேம்மா" என்று சொல்லியிருந்தார். அதே அறம்தான். ஆனால் அவர் வாயில் அது வேறு வேலை செய்தது.

என் அம்மாவும் பாடுவாள். கொலுவுக்குப் பாடுவாள், ஊஞ்சலுக்குப் பாடுவாள், தொட்டிலுக்குப் பாடுவாள். அவளைப் பெண் பார்க்க வந்தபோது ஐந்து பேர் முன்னால் பாடச் சொன்னார்கள், பாடினாள். கல்யாணத்துக்குப் பிறகு வானொலிக் குரல் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கிவந்தாள். "வீட்டுக்குள்ள பாடினா பாட்டு இல்லையா?" என்றார்கள். அந்த விண்ணப்பம் பூர்த்தி செய்யப்படாமல் இன்னமும் அவளுடைய டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சின்னச் சபை போதும் என்ற தத்துவத்தை அவளுக்குச் சொன்ன யாரும் அவள் பாட்டைக் கேட்க உட்கார்ந்ததில்லை.

அதே அளவு சின்னக் கூடம் ஒன்று சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டில் வாசிப்பார். கொஞ்சம் பேர்தான் வருவார்கள். அவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. வாத்தியத்தின் நாதம் மெல்லியது என்பதால் மூச்சுவிடாமல் கேட்பார்களாம். அங்கே எப்போது வாசிப்பது, எதை வாசிப்பது என்று தீர்மானித்தவர் தனம்மாள். பெண் பார்க்கும் கூடத்திலோ அம்மா பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தாள். தலைகளை எண்ணினால் இரண்டு இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அறை யாருடையது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

பெரிய அரங்கம் தானாக யாருக்கும் கிடைக்கவில்லை. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த காலத்தில், அந்தச் சமாதிக்குத் தன் பணத்தில் கட்டடம் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். வீட்டிலேயே பூஜை செய்துகொள்ளலாமே என்று அவர் அடங்கிவிடவில்லை. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1968 வரை ஆனது. அது எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் ஐக்கிய நாடுகள் சபையில் பாடிவிட்டார்.

பெரிய கூட்டம் என்றாலே கேட்கும் கூட்டம் என்றும் நான் நம்பவில்லை. கல்யாண வரவேற்பில் 800 பேர் முன்னால் பாடியிருக்கிறேன். சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துபோகிறவர்களுக்கு மத்தியில், முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் என் கையைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அன்று என் சபை ஒரு ஆள்.

ஆகவே எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். "ஒருவர் போதும்" என்பதை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். மேடையில் உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளவே வேண்டும். அதை இன்னொருவர் எனக்குச் சொல்ல உரிமை இல்லை. முன்னது என் கடமை. பின்னது என் பங்கை எடுத்துக்கொள்ளும் வழி. இரண்டும் ஒரே வார்த்தைகளில் வருவதால்தான் நம் அம்மாக்கள் ஏமாந்தார்கள். நானோ எதிர்ப்பக்கமாகத் தவறினேன்: பின்னதன் மேலிருந்த கோபத்தில் முன்னதைக் கைவிட்டேன்.

அடுத்த வருடம் மாலை நேரமும் சன்மானமும் கேட்டுக் கடிதம் எழுதினேன். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. கிடைத்தது பழைய பகல் 12 மணிதான். கேட்பதை நிறுத்தப்போவதில்லை என்று மறுபடியும் எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்று ஒன்பது பேர். தாம்பரத்து அம்மாவைத் தேடினேன், வரவில்லை. தோடி எடுத்தேன். நிரவலைக் குறைக்கவில்லை. அது முடிந்து நிமிர்ந்தபோது மணி பார்க்கத் தோன்றியது. கடைசி 20 நிமிடத்தை மிருதங்கத்துக்கு விட்டேன்.