இலையைப் போடத் துணிவு இருக்கிறதா?

இந்தப் பொங்கலுக்கு யாரைச் சாப்பிடக் கூப்பிடப் போகிறாய்?

அண்ணன் குடும்பம், அத்தை குடும்பம். அவ்வளவுதானா?

பல வருஷமாகப் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் பாய் எங்கே? ஜெபக்கூட்டத்துக்குப் போகும் எதிர்வீட்டு அக்கா எங்கே? மாடியில் குடியிருக்கும் ஜெயின் குடும்பம் எங்கே? உன் தங்கை விரும்பிக் கட்டிக்கொண்ட கிறிஸ்தவ மாப்பிள்ளை எங்கே?

அலுவலகத்தில் சமத்துவப் பொங்கல் வைத்தாய். வேட்டி கட்டினாய். எல்லோரோடும் நின்று படம் எடுத்தாய். அந்தச் சமத்துவம் உன் வீட்டு வாசல் தாண்டி உள்ளே வரவில்லையே, ஏன்?

"கூப்பிடலாம்தான். ஆனா, அவங்க மனசு கஷ்டப்படுற மாதிரி ஏதாவது ஆயிட்டா?"

நிறுத்து! உன் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைக்காதே!

தவறு நடந்துவிடுமோ என்று நடுங்குகிறாய். அதனால் கூப்பிடாமலே இருக்கிறாய். கூப்பிடாமல் இருப்பதைவிடப் பெரிய தவறு எது?

"அவங்க என்ன சாப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதே!"

தெரியாதா? கேள்! உனக்கு வாய் இருக்கிறது. அவருக்குக் காது இருக்கிறது. நடுவில் என்ன தடை?

மூன்றே கேள்விகள் போதும். எதெல்லாம் சாப்பிட மாட்டீங்க? சாமிக்குப் படைச்சது சாப்பிடுவீங்களா? எந்த நேரம் உங்களுக்குத் தோதா இருக்கும்?

மதத்தை வைத்து ஊகிக்காதே. ஆளைக் கேள்! படையலைக் கை நீட்டி வாங்கிச் சாப்பிடும் கிறிஸ்தவரும் உண்டு, வேண்டாம் என்று ஒதுங்குபவரும் உண்டு. கறி இல்லாமல் சோறு இறங்காத இந்துவும் உண்டு, முட்டையைக் கையால் தொடாத இந்துவும் உண்டு. புத்தகம் படித்து உன் நண்பனைத் தெரிந்துகொள்ள முடியுமா?

கேட்டுவிட்டாயா? இப்போது அடுப்படிக்கு வா!

வாசலில் பானை பொங்குகிறது. சூரியனுக்குப் படைக்கப் போகிறாய். படை! உன் நம்பிக்கையை ஒளிக்க வேண்டிய அவசியம் உனக்கு இல்லை. படைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு உள்ளே குக்கரில் தனியாக ஒரு சர்க்கரைப் பொங்கல் வை. அதே பச்சரிசி, அதே வெல்லம், அதே நெய். பரிமாறும்போது, "இது படைக்காதது, தனியா வச்சது" என்று ஒரு வார்த்தை சொல். அவர் முகத்தைப் பார்! எத்தனை வருஷத் தயக்கம் அந்த ஒரு வார்த்தையில் கரைகிறது என்று பார்!

பொங்கல் குழம்பில் சேனை போடுவாய். சர்க்கரைவள்ளி போடுவாய். சிறுகிழங்கு போடுவாய். ஜெயின் நெறியை வழுவாமல் காப்பவர்கள் மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கைத் தொட மாட்டார்கள். வெங்காயமும் பூண்டும் ஆகாது. அதனால் என்ன, குடி முழுகிவிடுமா? அவரை, மொச்சை, பூசணி, வாழைக்காய் இருக்கிறது. இன்னொரு சட்டியில் கிழங்கில்லாத குழம்பு வை! அவர்களில் பலர் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். மதியப் பந்தி வை, தீர்ந்தது!

பொங்கல் வெள்ளிக்கிழமை வருகிறதா? ஜும்மா தொழுகை முடிந்து பாய் வரட்டும். அதுவரை பந்தி காத்திருந்தால் சோறு கெட்டுப்போகுமா?

மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குக் கறி எடுக்கிறாயா? ஹலால் கடையில் எடு. கடைசியில் ஜெல்லி கொடுக்க ஆசையா? கடையில் விற்கும் ஜெலட்டின் பெரும்பாலும் பன்றி, மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. கடல்பாசியில் செய். எல்லோரும் சாப்பிடலாம்!

நோன்புக் காலம் குறுக்கே வந்தால்? ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2030-இல் பொங்கல் நோன்புக்குள்ளேயே வரும். அன்று என்ன செய்வாய்? அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கைகட்டி உட்காருவாயா? விருந்தை மாலைக்கு மாற்று! பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வை. பாய் நோன்பு திறக்கட்டும், தொழட்டும். அப்புறம் எல்லோருமாகப் பந்தியில் உட்காருங்கள்!

எது முடியாது என்கிறாய், சொல்!

"வீட்டுல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க."

ஒத்துக்கொள்ள வைத்தாயா? ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசினாயா? பேசு! மறைத்துச் செய்யாதே. பாட்டியையே முன்னால் நின்று பரிமாறச் சொல். சோறு போட்ட கை சீக்கிரம் இளகும்.

ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. கரண்டி தனியாக இருக்கலாம். தம்ளர் தனியாக இருக்கக் கூடாது!

புரிகிறதா? சைவம் சாப்பிடுகிறவருக்காகக் கரண்டியைத் தனியாக வைப்பது அவர் மீது வைத்த அக்கறை. வந்தவர் இன்னார் என்பதற்காகத் தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பது அவர் முகத்தில் அறைவது! இந்த மண் இரட்டைக் குவளையை நிறையப் பார்த்துவிட்டது. உன் வீட்டில் அது வேண்டாம். எல்லோருக்கும் ஒரே இலை. எல்லோருக்கும் ஒரே வரிசை!

இன்னொன்று. "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடப் போகுது?" இந்த வாக்கியத்தை இன்றோடு விட்டுத் தொலை! அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வற்புறுத்தி ஊட்டுவது விருந்தோம்பலா?

"என் வீடு சின்னது. என்கிட்ட அவ்வளவு வசதி இல்ல."

இதுவா காரணம்? கூடத்தில் பாயை விரி! வள்ளலார் வடலூரில் 1867-இல் தருமச்சாலை தொடங்கினார். சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. பசிக்கிறதா என்பதே கேள்வி. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை! அமிர்தசரஸ் பொற்கோயிலில் இரவு பகலாக லங்கர் என்னும் பொதுப்பந்தி நடக்கிறது. எல்லா மதத்தவரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு முடிகிறது. உன்னால் நாலு பேருக்கு முடியாதா?

முதல் முயற்சியில் சொதப்பும். சொதப்பட்டும்! கேக்கில் ரம் இருந்தது கடைசி நிமிஷத்தில் தெரியவரும். யாரோ ஒருவர் மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போவார். வாய்தவறி ஒரு மாமா அரசியல் பேசுவார். அதற்காக அடுத்த வருஷம் கதவைச் சாத்திக்கொள்வாயா? மன்னிப்புக் கேள், மறுபடி கூப்பிடு! ஒரே நாளில் யாருக்கும் விருந்து வைக்க வந்துவிடாது. வைத்து வைத்துத்தான் வரும்!

கடைசியாக ஒன்று. இதுதான் உண்மையான பரீட்சை.

உன் வீட்டில் சாப்பிட்டவர் உன்னைத் திருப்பிக் கூப்பிடுவார். பெருநாளைக்கு வா என்பார் பாய். கிறிஸ்துமஸுக்கு வா என்பார் அக்கா. "இல்லைங்க, அன்னைக்கு வெளியூர் போறோம்" என்று நழுவாதே! போ! உன்னால் சாப்பிட முடியாததை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல். சாப்பிட முடிந்ததை வயிறார உண். விருந்து வைக்க மட்டும் தெரிந்தவனிடம் பெருமை இருக்கும். விருந்துக்குப் போகவும் தெரிந்தவனிடம்தான் உறவு இருக்கும்!

நாட்காட்டியில் தேதியைக் குறி. யார் யார் என்று பெயரெழுது. இன்றைக்கே கூப்பிடு!