ஓட்டைக் குடமும் ஒரு தறியின் ஓசையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



வேதாந்த சாஸ்த்ரத்தின் முதல் ஸூத்ரத்திலேயே 'ஜிஜ்ஞாஸா' என்றொரு பதம் வருகிறது. அறியவேண்டும் என்னும் அவா என்பது அதன் பொருள். ஆகவே அறிவாசையை நம் பெரியோர் இழிவாக எண்ணவில்லை. நூலின் வாசற்படியாகவே அமைத்தார்கள். ஆயினும், 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானார், அந்த ஸூத்ரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யுமிடத்தில், வாக்யத்தின் பொருளை அறிந்த மாத்திரத்தில் மோக்ஷம் கிட்டாது என்று ஸாதிக்கிறார். கிட்டுமாகில், உபநிஷத்தைப் படித்து முடித்த அன்றே ஸம்ஸாரம் தொலைந்திருக்க வேண்டுமே! அறிந்த பொருள் இடைவிடாத தியானமாகி, நேரில் காண்பதற்கொப்பான தெளிவு பெற்று, ப்ரீதியாய்க் கனியவேண்டும் என்பது ஸ்வாமியின் திருவுள்ளம்.

இதற்கு நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு ஸாக்ஷி உண்டு. திருமழிசையாழ்வார் பல சமய நூல்களையும் துருவித்துருவிக் கற்றவர் என்று குருபரம்பரை கூறும். அத்தகையவர் மயிலையில் ஒரு முதியவரைக் கண்டார். அம்முதியவர் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால் நீரிறைத்துக்கொண்டிருந்தார். "இதென்ன பேதைமை!" என்று வினவியவருக்கு, கற்றுக் கற்றும் வேரைக் காணாத கல்வி மட்டும் இதனினும் மேலோ என்னும் பொருள்பட விடை கிடைத்தது. அம்முதியவரே பேயாழ்வார். நூல்கள் பல செய்யாத காரியத்தை ஒரு வாடிய செடி செய்தது. பின்னர் அவர் வாக்கிலிருந்து நமக்குக் கிடைத்தவை திருச்சந்தவிருத்தம் 120 பாசுரங்களும், நான்முகன் திருவந்தாதி 96 பாசுரங்களும்.

அவரே பெரும்புலியூரில் ஒரு திண்ணையில் அமர்ந்தபோது, வேதமோதியவர்கள் அவர் கேட்கலாகாதென்று நிறுத்தினார்கள். அவர் எழுந்து விலகியதும், விட்ட இடம் அவர்களுக்கே மறந்துபோயிற்று. ஆழ்வார் வாய்திறவாமல் ஒரு கருநெல்லை நகத்தால் பிளந்து காட்டி, அவ்விடத்தை நினைவூட்டினார்.

இச்சரித்திரத்தை அடியேன் எத்தனையோ முறை உபந்யஸித்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்த வேதியர்களைக் கொஞ்சம் எள்ளி நகைத்ததும் உண்டு. ஆனால் பாடசாலையிலிருந்து வந்த புதிதில் அடியேன் செய்தது என்ன?

ஸந்நிதியில் நெசவாளர் ஒருவர் சனிக்கிழமைதோறும் ஸஹஸ்ரநாமம் உரக்கச் சொல்லுவார். தமிழெழுத்தில் அச்சிட்ட புத்தகத்தைக் கொண்டு கற்றவராதலால் க, ப வர்க்கங்களெல்லாம் வேறுபாடின்றி ஒலிக்கும். காது பொறுக்கவில்லை. பலர் முன்னிலையில் அவரை நிறுத்தி, எழுத்துக்களின் பேதங்களை எடுத்துரைத்தேன். "சரிங்க சாமி" என்றார். அதன்பின் வருவார், தூணருகே கைகூப்பி நிற்பார், வாய் மட்டும் திறக்கவில்லை. மாதங்கள் பல சென்றன.

ஒருநாள் ப்ரஸாதம் கொடுக்கும் நிமித்தம் அவர் இல்லம் செல்ல நேர்ந்தது. நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேசுவதே கேளாத இரைச்சல். பேச்சின் நடுவே சட்டென்று எழுந்து மூன்றாவது தறியை நிறுத்தினார். பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. அடியேன் காதுக்கு எல்லாம் ஒரே ஓசை! எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"சொல்லத் தெரியலைங்க சாமி. நாப்பது வருசமா காதுல இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இழையை முடிந்தார்.

பெரும்புலியூர்த் திண்ணை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் அடியேன் அமர்ந்திருந்த பக்கமும் தெரிந்தது. இலக்ஷணம் வேண்டாமென்று கூறவில்லை. அதைக் கற்பித்த ஆசார்யர்களுக்கு இன்றும் தண்டன் ஸமர்ப்பிக்கிறேன். ஆனால் ஆயிரம் நாமங்களுள் எந்த ஒன்று அவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் இழுத்துவந்தது என்று ஒருபோதும் கேட்டேனில்லையே! க்ஷமிக்க வேண்டினேன். அவர் பதறிப்போய், "அப்படிச் சொல்லாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உடனே வாய்திறந்தாரா என்றால், இல்லை. அதற்கு மேலும் சில வாரங்கள் ஆயின.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, திருவாராதனம் முடிந்து திரை விலகிய ஸமயம், தூணருகிலிருந்து மெல்லிய குரல் எழுந்தது. அதே க, அதே ப. அடியேன் கற்பூர ஆரத்தியை ஏந்திக்கொண்டு, அவர் அடுத்த நாமத்தைச் சொல்லி முடிக்கும்வரை பெருமாள் திருமுகத்தருகே அதை நிறுத்தியிருந்தேன்.