ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து

நீலகிரியின் வெலிங்டன் ஓய்வுக்காகவே எழுந்த ஊர். சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் தளர்ந்துபோன ஆங்கிலேயச் சிப்பாய்களைத் தேற்றியெடுக்க, 1850-களில் ஜக்கதளாவுக்கு அருகே படைவீடுகள் கட்டினார்கள். வெலிங்டன் பிரபுவின் பெயர் பிறகு வந்தது. உயரமும் குளிரும்தான் அன்றைய மருந்து. மிஷனரிகளும் அதே மருந்தை நம்பினார்கள். மதுரையில் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்கர்கள் நோய்க்கு ஆட்களைப் பறிகொடுத்த பிறகு, 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஜெபத்தில் குறை வைத்தவர்கள் அல்லர் அவர்கள். ஆனாலும் உடம்பு களைத்தபோது ஜெபத்தோடு நிற்காமல் மலை ஏறினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல்தான். அதற்கு முன் நீலகிரிக்கு ஏறிய துரைமார்களில் பலர் பிறர் தோளில் ஏறினார்கள்.

இதில் குற்றம் காண ஏதுமில்லை. களைத்தவன் படுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே மலையில், தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்ணிடம் “கர்த்தருக்குள் இளைப்பாறு” என்று சொல்லும்போது இந்தக் கதையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விசுவாசத்தில் ஓய்வு உண்டு என்பதை யார், யாரிடம், எந்த நிலையில் சொல்லலாம்?

சுமை சுமந்து களைத்தவர்களை இயேசு தம்மிடம் அழைக்கும் வாக்கு மத்தேயு பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது சர்ச் சுவரிலும், காலண்டரிலும், ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் இருக்கிறது. கூலி பேசும் மேஜைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. சரிவில் ஒருக்களித்து நின்று, இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துப் பத்தியில் காட்டெருமை நிற்கிறதா என்று ஒரு கண் வைத்தபடி பகலெல்லாம் பறிக்கிறவளின் களைப்பு முதலில் முழங்காலிலும் தோளிலும் இருக்கிறது. அதற்கு வசனம் மருந்தாகாது. வேதமே அப்படிச் சொல்லவில்லை. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே, செத்தால் போதும் என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா தின்றுவிட்டு மறுபடி தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்.

இன்னொரு காட்சி யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம். கர்த்தருக்குப் பண்டிகை கொண்டாட லீவு கேட்கிறார்கள் இஸ்ரவேலர். பார்வோனுக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. செங்கல் அறுக்க வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. உலகத்தின் பழைய தொழில் தகராறுகளில் ஒன்று ஆராதனைக்கான விடுப்பைப் பற்றியது என்பதைப் பிரசங்கிகள் ஏனோ அதிகம் சொல்வதில்லை. பிற்பாடு உபாகமத்தில் ஓய்வுநாள் கட்டளை வரும்போது வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே ஓய வேண்டும் என்று வருகிறது. மாடும் கழுதையும் அந்நியனும்கூடக் கணக்கில் உண்டு. காரணமும் சொல்லப்படுகிறது: நீ எகிப்தில் அடிமையாக இருந்தவன். இந்தக் கட்டளை முதலில் வீட்டு எஜமானின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. ஆகவே பிறர் உழைப்பில் ஆதாயம் பெறுகிறவர், அந்தப் பிறருக்கு ஆத்தும இளைப்பாறுதலை மட்டும் பரிந்துரைப்பது நேர்மையாகாது. இளைப்பாறுதலைத் தனக்கென்று யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கிற கை, அவர் சுமையிலும் ஒரு பக்கம் பிடித்திருக்க வேண்டும்.

இங்கேயே நிறுத்திவிட்டால் மதம் என்பது வலி மரத்துப்போகக் கொடுக்கும் மருந்து என்ற பழைய முடிவுக்கு வந்துவிடலாம். அது சுலபமான முடிவு. உண்மையில் பாதியைத்தான் தொடுகிறது. கூலி உயர்ந்து, லைன் வீட்டுக் கூரை சரியாகி, வாரம் ஒரு நாள் தவறாமல் ஓய்வும் கிடைத்தால் களைப்பு தீர்ந்துவிடுமா? வெலிங்டனிலேயே பதில் இருக்கிறது. தேசப் பிரிவினையில், பழைய பணியாளர் கல்லூரி இருந்த குவெட்டா பாகிஸ்தான் பக்கம் போனதால், முப்படை அதிகாரிகள் பயிலும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இங்கே அமைந்தது. நல்ல குடியிருப்பு, நல்ல சம்பளம், உலகம் ஏங்கும் குளிர். இப்படிப்பட்ட இடத்திலும் மனிதனுக்கு வரக்கூடிய களைப்பு ஒன்று உண்டு: கூடப் படித்தவன் முந்திவிடுவானோ, நான் தேறுவேனோ, தேறாவிட்டால் நான் யார் என்பது. லீவு போட்டால் இது கூடவே ஊட்டிக்கு வரும். மனிதனுடைய தகுதி அவன் ஈட்டிச் சேர்ப்பது அல்ல, கிருபையாகக் கொடுக்கப்பட்டது என்று கிறிஸ்தவம் சொல்வது இந்தக் களைப்பைப் பார்த்துத்தான். அது உண்மை என்றால் எந்தக் கூலி ஒப்பந்தமும் தராத ஓய்வு அது.

இந்த உள்களைப்பு அதிகாரிக்கு மட்டும் சொந்தம், பறிக்கிறவளுக்கு முழங்கால் வலி மட்டும்தான் என்று நினைப்பதும் ஒருவகை மேட்டிமை. அவளுக்கும் குடிக்கிற மகன் இருக்கலாம், தீராத துக்கம் இருக்கலாம். எஸ்டேட்டில் அவள் நாள் முழுக்க எடையால் அளக்கப்படுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து லைன் வீட்டில் நடக்கிற ஜெபக் கூட்டத்தில் யாரும் அவளை எடை போடுவதில்லை. பெயர் சொல்லி, அவள் காரியத்தைச் சொல்லி ஜெபிக்கிறார்கள், அழுதால் அழவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர் இதை மயக்கம் என்று தள்ளலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த வாரத்தில் மனுஷியாக இருந்த நேரம் அது.

ஆனால் அந்த இடத்திலும் தராசு நுழைந்துவிடுகிறது. முழு இரவு ஜெபம், இருபத்தோரு நாள் உபவாசம், கன்வென்ஷனுக்குச் சமையல், தசமபாகம், போன வாரம் ஏன் வரவில்லை என்ற கேள்வி. கேட்ட விடுதலை வரவில்லையென்றால் விசுவாசம் குறைவு என்று அவள் தலையிலேயே கட்டுகிறார்கள். பகல் வேலைக்குப் பிறகு இது இரண்டாவது ஷிப்ட். எளிய நுகம் என்று வாக்களித்தவரின் பெயரால் கனமான நுகத்தை வைப்பது, கங்காணியும் கூசுகிற காரியம். கங்காணியாவது தான் கங்காணி என்பதை மறைத்ததில்லை.

நடைமுறையில் இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து முட்டுகிறது. கொழுந்து காலத்தில் இலை யாருக்காகவும் நிற்காது, விட்டால் முற்றிவிடும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வைக் கட்டாயமாக்கியது. தொழிலாளி விரும்பினால் அந்த நாளிலும் வேலை செய்யலாம், ஆனால் பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து கூடாது என்றும் இடம் விட்டது. விரும்பினால்! ஜூன் மாதம், பள்ளி திறக்கிறது, கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்றால் யார்தான் விரும்பமாட்டார்கள்? அன்று சர்ச்சுக்கு வராமல் காட்டுக்குப் போனவள் பாவம் செய்தவளா?

இல்லை. ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்ற சீஷரை இயேசு விட்டுக்கொடுக்கவில்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக என்றார். பசியால் பறித்த கைக்குக் கிடைத்த அந்த நியாயம் கடனால் பறிக்கிற கைக்கும் பொருந்தும். சபை அந்த மாதங்களில் ஆராதனையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அது பார்வோனுக்கு வசதி செய்துகொடுப்பதாகாதா என்று கேட்கலாம். அதோடு நின்றுவிட்டால், ஆகும். எஸ்டேட் மேனேஜரும் பறிக்கிறவளும் ஒரே திருவிருந்தில் மண்டியிடுகிற சபை என்றால், சாயங்கால ஆராதனையில் அவளுக்கு மத்தேயுவை வாசிக்கிற போதகர், திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீசில் மேனேஜருக்கு உபாகமத்தையும் வாசிக்கக் கடமைப்பட்டவர்.

நீலகிரியின் சிறு விவசாயிதான் இந்தக் கணக்கில் அடங்காதவர். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை. ஆள் வைத்துப் பறிப்பவரும் அவரே, ஆள் கிடைக்காதபோது மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை பறிப்பவரும் அவரே. முற்றிய இலைக்குத் தொழிற்சாலை விலையைக் குறைக்கும். எஜமான் என்று அவரைக் கண்டிப்பதா, சுமக்கிறவர் என்று தேற்றுவதா? அவரிடம் உபாகமத்தை எடுத்துக்கொண்டு போகிற போதகர், அன்று பச்சைத் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.