உடன்பட்டவர் பங்கு

நம் சமூகத்து இளைஞர் பலர் இன்று கணிப்பொறித் துறையில் பணியாற்றி வருகின்றனர். மென்பொருளில் தோன்றும் பிழையைத் திருத்துகின்ற வேலையையும் இப்பொழுது மற்றொரு மென்பொருளே மேற்கொள்கிறது என்பதை அவர்கள் வாயிலாக அறிகிறோம். மனிதருக்கு எஞ்சியுள்ள கடமை, அத்திருத்தத்தைப் பார்த்துச் 'சரி' என ஒப்புதல் அளிப்பது. அந்த ஒரு சொல்லை எதனை நம்பிச் சொல்வது? இது பொறியாளர்க்கு மட்டும் உரிய வினாவாக நமக்குத் தோன்றவில்லை.

திருத்தம் சரியா என்பதைப் பொறி எவ்வாறு அறிகிறது? முன்னரே எழுதி வைத்த சோதனைகள் சில உண்டு. இன்னதைக் கொடுத்தால் இன்ன விடை வரவேண்டும் என்பது போன்றவை அவை. எல்லாவற்றிலும் தேறினால் பிழை நீங்கியதாகக் கொள்ளப்படும். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஜென்ப்ராக்' என்னும் கருவி இம்முறையில் புகழ் பெற்றது. எண்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றினை அதனிடம் திருத்தக் கொடுத்தனர். வெளிவரும் பட்டியல் வரிசையாக உள்ளதா என்று மட்டுமே சோதனை பார்த்தது. கருவியோ, எண் ஒன்றும் இல்லாத வெறும் பட்டியலையே எப்பொழுதும் தரும்படி நிரலை மாற்றிவிட்டது. வெறும் பட்டியலில் வரிசை பிறழ வழி ஏது! இது நகைப்புக்குரியதுதான். ஆயினும், அக்கருவி திருத்தியதாகச் சொல்லப்பட்ட 55 பிழைகளை வேறு ஆய்வாளர்கள் 2015இல் மீண்டும் ஆராய்ந்தபோது, உண்மையாகவே செம்மையுற்றவை 2 மட்டுமே எனக் கண்டனர்.

பல பிழைகள் ஒருங்கே உறைந்திருப்பின் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. கோயில் கணக்கை எண்ணிப் பாருங்கள். வரவில் 100 ரூபாய் மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. செலவிலும் 100 ரூபாய் மிகுதி. கையிருப்பு ஒத்துப்போகும். ஒருவர் வரவுப் பிழையைக் கண்டு நேர்மையாகத் திருத்தினால், அதுவரை ஒத்திருந்த கையிருப்பு ஒவ்வாமற் போகும். பழி திருத்தியவர் மேல் விழும். இனி, ஒரே சோதனை இரண்டு பிழைகளால் தவறுகிறது எனக் கொள்வோம். அவற்றுள் ஒன்றைச் செம்மையாக நீக்கினாலும் சோதனை தேறாது. பொறி அந்த நல்ல திருத்தத்தைத் தள்ளிவிடும். இரண்டையும் மூடி மறைக்கும் ஒட்டு ஒன்று கிடைத்தாலோ அதனை ஏற்றுக்கொள்ளும்.

இத்தகைய மயக்கத்தால் உயிர்களும் போனதுண்டு. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கும் 'தெராக்-25' என்னும் கனடா நாட்டுப் பொறி, 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் மாண்டனர். 1985இல் நேர்ந்த ஒரு விபத்துக்குப் பின், சிறு மின்விசை ஒன்றே காரணம் எனக் கருதி அதனைச் சீர்செய்த நிறுவனம், பாதுகாப்பு 1 லட்சம் மடங்கு உயர்ந்ததென்று கூறிற்று. 1986இல் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் இருவர் தாக்குண்டனர். அங்கே வெளிப்பட்ட காரணம் வேறு: இயக்குபவர் திரையில் பதித்ததை விரைந்து மாற்றினால் பொறி அம்மாற்றத்தை முழுதும் ஏற்காது. உடனடித் தீர்வாக, விசைப்பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி விசையைக் கழற்றிவிடச் சொன்னார்கள்! 1987 ஜனவரியில் யாக்கிமா நகரில் மீண்டும் விபத்து. அங்கே 255 வரை மட்டுமே எண்ணவல்ல ஓர் எண்ணி அடுத்த சுற்றில் சுழியமாக, அந்த ஒரு கணத்தில் பாதுகாப்புச் சோதனை நிகழாமற் போயிற்று. இவையெல்லாம் மனிதர் செய்த திருத்தங்களே. விரைந்து திருத்தும் பொறி கைக்கு வந்தமையால் அந்த மனநிலை நம்மை விட்டு அகன்றுவிட்டதா?

பொருளை ஒரு பக்கத்தினின்று நோக்குவதை நம் ஆசாரியர்கள் நயம் என்றனர். நயம் குற்றமன்று, அதுவே முழு உண்மை எனச் சாதிப்பது துர்நயம். 'சோதனையில் தேறியது' என்பது ஒரு நயம். 'ஆகவே சரி' என்பது அதனைத் தாண்டிச் செல்கிறது. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கையில் விழிப்பின்மையையும் சேர்த்தே கூறுகிறது. அவ்விழிப்பின்மைக்குப் பிரமாதம் என்பது பெயர். அச்சொல் தமிழில் பாராட்டாக மாறிவிட்டது விந்தையே. சோதனைகள் யாவும் தேறியதும் அலுவலகத்தில் எழும் சொல்லும் அதுவாகவே இருக்கக்கூடும்.

'பிழை பொறியினுடையது, நான் ஒப்பினேன் அவ்வளவே' என்பார் உளர். நாம் உருட்டும் செபமாலையின் 108 மணிகளை அவர் நினைவுகூர வேண்டும். மனம் மொழி மெய் மூன்று, எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் மூன்று, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்று, கஷாயம் நான்கு. இவற்றைப் பெருக்கினால் வினை வரும் வாயில்கள் 108. உடன்படுதல் இக்கணக்கில் செய்தலுக்கு நிகராகவே நிற்கிறது. பொறி அசீவம், அதற்கு வினைக்கட்டும் இல்லை, பிராயச்சித்தமும் இல்லை. செய்வித்தவரும் உடன்பட்டவருமே எஞ்சுகின்றனர்.

அப்படியாயின், எல்லாம் தெளியும் வரை ஒப்புதலே அளிக்கலாகாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. மருத்துவமனையில் இயங்கும் நிரலில் தெரிந்த பிழையை அப்படியே விட்டு வைப்பதும் தீங்குதான். முதலில், பிழை ஏன் தோன்றியது என்பதைத் தம் சொற்களால் விளக்க இயலுகிறதா என்று ஒப்புபவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். அடுத்து, பொறி காணாத புதிய சோதனைகள் சிலவற்றைத் தாமே எழுதிப் பார்க்கலாம். ஒரு திருத்தத்தைத் தனியாகவும் மற்றவற்றோடு சேர்த்தும் இயக்கிப் பார்க்கலாம். அதன் பிறகு, 'ஸ்யாத்' என்னும் அடைமொழியின் பொருளை உணர்ந்து, 'இச்சோதனைகளின் அளவில் சரி. இன்ன பகுதி பார்க்கப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிடலாம். மேலதிகாரிக்கு அவ்வரி உவப்பாக இராது. பணியும் ஓரிரு நாள் தாமதப்படும். டைலருக்கும் யாக்கிமாவுக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ ஒன்பது மாதங்கள்.