சாமி பார்த்துக்கொள்வார் என்றால் போதுமா?

கோவைக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில், பிப்ரவரி முதல் மே வரை இரவிலும் கூட்டம் ஓயாது. கையில் மூங்கில் தடியும் டார்ச்சுமாக, வெயில் ஏறுமுன் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் கடந்துவிடத் துடிப்பவர்கள். வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களும் அதில் உண்டு. நடந்து பழகினீர்களா என்று கேட்டால், "சாமி பார்த்துக்குவார்" என்பார்கள்.

அந்த நம்பிக்கை மரியாதைக்குரியது. ஆனால் 2024 சீசனில் பக்தர்கள் பலர் அந்த மலையில் உயிரிழந்தார்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் உடம்பைத் தயார் செய்துகொண்டு போவது பக்திக் குறைவா?

சைவ மரபில் இந்தக் கேள்வி பழையது. பெரியபுராணத்தில் அப்பர் கயிலைக்கு நடக்கிறார். பாதம் தேய்கிறது, கைகளால் ஊர்கிறார். கைகளும் தேய, மார்பால் நகர்கிறார். அதுவும் முடியாமல் உருண்டு போகிறார். முனிவர் வடிவில் எதிரே வந்த இறைவன், மனித உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிவிடு என்கிறார். காணாமல் திரும்பமாட்டேன் என்கிறார் அப்பர். உடலை வதைப்பதே பக்தி என்பதற்குச் சான்றாகவே இந்தக் கதையைப் பலர் சொல்கிறார்கள். அடுத்து நடப்பதையும் படிக்க வேண்டும். இறைவன் முதலில் அந்த உடம்பைச் சரியாக்குகிறார். பிறகு அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்கிறார். அப்பர் எழுவது திருவையாற்றில். கயிலைக் காட்சி கிடைப்பதும் காவிரிக் கரையிலேதான். ஆடி அமாவாசையன்று அங்கே இன்றும் அந்தக் காட்சியை நினைவுகூரும் விழா நடக்கிறது. உடம்பு சிதைந்ததற்குக் கூலியாக அந்தக் காட்சி கிடைக்கவில்லை.

திருமூலர் இன்னும் வெளிப்படையானவர். உடம்பை இழிவாக நினைத்திருந்தவர், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். அவருடைய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகம்.

துன்பமே இல்லாத யாத்திரை யாத்திரையா என்ற எதிர்வாதம் நியாயமானது. வெறுங்காலும் பசியும் குளிரும் மனதை ஒருமுகப்படுத்தும் என்பதை மலை ஏறியவர்கள் அறிவார்கள். ஆனால் தானாக ஏற்றுக்கொண்ட துன்பம் வேறு, அலட்சியத்தால் வரும் ஆபத்து வேறு. பாதி வழியில் ஒருவர் விழுந்தால், இருட்டில், வழுக்குப் பாறையில், அவரைத் தோளில் சுமந்து இறக்குபவர்களும் மனிதர்கள்தான். தன் உடம்பைத் தயார் செய்வது அவர்களுக்குச் செய்யும் கடமையும்கூட.

சபரிமலைக்கான 41 நாள் விரதத்தில் இந்தத் தயாரிப்புக்கு இடம் இருக்கிறது. அதிகாலைக் குளியல், எளிய உணவு, மது இல்லை, புகை இல்லை. பலர் செருப்பும் போடுவதில்லை, பாதம் உரம் ஏறுகிறது. இதோடு தினசரி நடையைச் சேர்த்தால் ஆறு வாரத்தில் மூச்சும் காலும் நன்றாகவே பழகிவிடும். சுமார் 3,888 மீட்டர் உயரத்தில் உள்ள அமர்நாத் குகைக்குப் போகிறவர்களை, ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 4 முதல் 5 கி.மீ. நடக்கும்படி ஆலய வாரியம் கேட்டுக்கொள்கிறது. மருத்துவச் சான்றிதழும் கட்டாயம்.

ஏறுவதற்கு மட்டும் பயிற்சி எடுப்பதுதான் வழக்கமான தவறு. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. தொடை நடுங்குவதும் முழங்கால் வலிப்பதும் அதனால்தான். வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, மெதுவாக, இறங்கிப் பழகினால் அந்தத் தசை வலுப்படும். நடக்கும்போது பேச முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம்.

அடுத்த சீசனுக்கு மாலை போடுகிறவர்கள் அன்றே நடையையும் தொடங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். வெள்ளியங்கிரியின் மூன்றாவது மலையில் நெஞ்சு அடைத்தால், அங்கேயே கும்பிட்டுவிட்டு, துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.