ஆயுளும் வரலாறும்

வரலாறு அரசுகளின் ஆக்கமும் அழிவும் கணக்கிடுவது. எளியார் ஒருவரது வாழ்நாளை அது குறிப்பதில்லை. அங்ஙனமாயின், அவ்வாழ்நாட்குப் பொருள் யாது? இவ்வினாவைச் சித்தாந்த நெறிநின்று ஈண்டு ஆராய்வாம்.

ஓசூரையடுத்துக் கன்னட நாட்டெல்லையிலுள்ள பாகலூரில் 1930-இற் பிறந்து எண்பதாண்டு வாழ்ந்த உழவர் ஒருவரைக் கருதுக. அவர் பிறந்தது சேலம் ஜில்லா. 1965-இல் அவ்வூர் தருமபுரி மாவட்டத்ததாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்ததாயிற்று. இடையே 1947-இல் ஆங்கிலேயராட்சி நீங்கியது. 1956-இல் மொழிவழி எல்லை வகுக்கப்பட்டது. 1969-இற் சென்னை மாநிலம் தமிழ்நாடெனப் பெயர் பெற்றது. கேழ்வரகு விளைந்த ஓசூர்ச் சுற்றுப்புறத்தே தொழிற்சாலைகள் எழுந்தன. இத்துணையும் அவர் தம் மனை விட்டுப் பெயராமலே நிகழ்ந்தன.

காலம் மாயையிற்றோன்றிய தத்துவம்; சடம். தனு கரண புவன போகங்கள் உயிர்க்கு மலநீக்கத்தின்பொருட்டு இறைவனாற் கூட்டப்படுவன. ஆகலின் உலகு உயிரின்பொருட்டேயன்றி, உயிர் உலகின்பொருட்டன்று. அரசு மாறுதலும் எல்லை மாறுதலும் புவன போகங்களுள் அடங்கும். அவை உழவரது வாழ்நாளை அளக்கும் கோலாகா, அவ்வாழ்நாட்குத் துணைக்கருவியாவனவேயாம்.

அற்றேல், 1876 முதல் 1878 வரை இந்நாட்டை வருத்திய பெரும்பஞ்சத்தில் மாண்டாரனைவரும் தத்தம் வினையான் மாண்டாரெனின், அவர்க்குச் சோறிடுதல் வேண்டாவாம் பிறவெனின், அன்று. மழை பொய்த்தமை பூதத்தான் வந்தது. ஆயின் 1877-இன் தொடக்கத்தில், பஞ்சநிவாரண வேலைக்கு வந்தார்க்குக் கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமாகக் குறைக்கப்பட்டமை மக்களான் வந்தது. பசித்தான் நுகர்வது அவனது பிராரத்தமேயாயினும், கூலியைக் குறைத்தான் செயல் குறைத்தானுக்கு ஆகாமியமாம். கண்டும் வாளாவிருந்தானுக்கும் அஃதொக்கும். வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன். பிறர் வினையை எண்ணித் தீர்ப்புச் செய்யும் அதிகாரம் நமக்கில்லை. நம் கண்முன் நிற்பது பசியொன்றே. எனவே, வினைக்கொள்கை இரக்கத்தைத் தடுப்பதன்று, அதனைக் கடமையாக்குவதாம்.

பலர் ஒருங்கே மாளுதல் யாங்ஙனமெனின், ஒரு மழையில் நெல்லும் வேம்பும் தத்தம் வித்தின்படி விளைதல் போலவெனக் கொள்க. நிகழ்ச்சி ஒன்று, நுகர்ச்சி உயிர்தோறும் வேறு. அப்பஞ்சத்தே ஊரை விட்டகன்றாரும் உளர்; இருந்ததைப் பகுத்துண்டாரும் உளர்.

1871-ஆம் ஆண்டுக் கணக்கினும் 1881-ஆம் ஆண்டுக் கணக்கிற் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை மூன்று லட்சத்திற்கு மேற் குறைந்து நின்றது. பஞ்சம் நடந்துகொண்டிருந்த 1877 ஜனவரி 1-ஆம் நாள் தில்லியில் விக்டோரியா பேரரசியென முழக்கப்பட்டார். வரலாறு தில்லி விழாவைப் பெயரான் நினைக்கும். மாண்டாரைத் தொகையான் நினைக்கும். உயிர்கள் பலவென்றும், ஒவ்வொன்றும் தனித்தனி அநாதியென்றும் துணிந்த நம் சித்தாந்தமோ தொகையுள் ஓருயிரையும் மறைய விடாது. மடாலயங்களில் அன்னம் பாலிக்குங்கால், இலையின் முன் அமர்ந்தாரைத் தொகையென எண்ணாது உயிரென எண்ணுதலே இக்கொள்கையை உணர்ந்தமைக்கு அடையாளமாம்.