விதிக்கப்பட்ட வீரனும் வினையின் உரிமையும்

முடிவு முன்னமே வகுக்கப்பட்டுவிட்ட உலகில் மனிதன் செய்யும் செயலை அவனுடைய செயல் என்று கொள்ள முடியுமா என்ற கேள்வி, கடவுளை முதலாகக் கொண்ட சமயங்களுக்கும் வினையை முதலாகக் கொண்ட சமயங்களுக்கும் பொதுவானது. அனைத்தையும் முன்னறியும் இறைவன் இருக்கையில் மனிதனின் தெரிவுக்கு என்ன பொருள் என்று ஆறாம் நூற்றாண்டில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த போயத்தியஸ் ஆராய்ந்தார். பழவினையே இப்பிறவியை வகுக்கிறது என்றால் முயற்சிக்கு இடம் எங்கே என்று இந்தியத் தத்துவ மரபுகள் தலைமுறை தலைமுறையாக வாதிட்டன. இதே கேள்வி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக, தத்துவ ஆய்வாளர்கள் அதிகம் எட்டிப்பார்க்காத ஓரிடத்திலும் எழுந்துவருகிறது. ரோல் பிளேயிங் கேம் என்று வழங்கும் பாத்திரமேற்பு வீடியோ கேம்களில் திரும்பத் திரும்ப வரும் கதைமாந்தர் வகைகளையும் கதைக் கட்டமைப்புகளையும் அக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளாகப் படிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பாத்திரமேற்பு ஆட்டம் என்பது, ஆடுபவர் ஒரு கதைமாந்தரைத் தனதாக ஏற்று, அம்மாந்தரின் வழியாகப் பேசியும் போரிட்டும் பயணித்தும், அனுபவப் புள்ளிகளால் அவரை வலிமைப்படுத்தியபடி ஒரு நெடுங்கதையைக் கடந்துசெல்லும் ஆட்டமாகும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டு இவ்வகைக்கு மூலம். அதில் கதையை நடத்துபவர் மேசையின் மறுபுறம் அமர்ந்திருந்த ஒரு மனிதர். ஆடுபவர் எதிர்பாராத ஒன்றைச் செய்தால், அவர் அக்கணமே கதையை மாற்றிக்கொள்ள இயலும். அந்த ஆட்டம் கணினிக்கு வந்தபோது அம்மனிதரின் இடத்தை முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட நிரல் எடுத்துக்கொண்டது. அதனால் மூன்று அடுக்குகள் தோன்றின: எல்லாவற்றையும் முன்னமே எழுதி முடித்து மறைந்துவிட்ட ஆசிரியர், எழுதியது தெரியாமல் செயலாற்றும் ஆடுபவர், அச்செயலின் பலனைத் தாங்கும் கதைமாந்தர். இறைவன், உயிர், உடல் என்று சமயங்கள் பிரித்துப் பேசும் அமைப்பை இது பெரிதும் ஒத்திருக்கிறது. விதியைப் பற்றிய கேள்வி இவ்வடிவத்தின் உடன்பிறப்பாகவே வந்துவிடுகிறது.

ஒரே வகை மாந்தர் ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றனர் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் உண்டு. ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் பிராப், 1928இல் வெளியான நூலில், மாயக்கதைகள் அனைத்தும் 31 செயற்கூறுகளுக்குள் அடங்கும் என்று வகைப்படுத்தினார். மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான நனவிலியில் உறையும் தொல்படிமங்களே கதைமாந்தராக வெளிப்படுகின்றன என்பது கார்ல் யுங்கின் கருத்து. ஜோசப் கேம்ப்பெல் 1949இல் வெளியிட்ட நூல், உலகத் தொன்மங்கள் யாவும் புறப்பாடு, சோதனை, மீள்வு என்னும் ஒரே பயணத்தைச் சொல்வதாக வாதிட்டது. இவ்விளக்கங்களில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் இவை யாவும் கேட்கப்படும் கதையைப் பற்றியவை. கதை கேட்பவர் வீரனுக்காக அஞ்சலாம், அழலாம். வீரன் செய்த கொலைக்கு அவர் பொறுப்பாவதில்லை. பாத்திரமேற்பு ஆட்டத்திலோ, கதை நகர வேண்டுமானால் ஆடுபவர் தம் கையால் செயலாற்றியாக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டால், இவ்வாட்டங்களில் மிகுதியாக வரும் மூன்று வகையினர், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர், நினைவிழந்தவர், இறைவனை எதிர்ப்பவர் ஆகியோர், வடிவத்தின் உள்ளே இருக்கும் முரணிலிருந்தே பிறந்தவர்கள் என்பது விளங்கும்.

முதல் வகையின் தெளிவான முன்மாதிரி, யூஜி ஹோரி உருவாக்கி 1986இல் ஜப்பானில் வெளிவந்த டிராகன் குவெஸ்ட். இதன் வீரன் பழம்பெரும் வீரனாகிய லோத்தோவின் வழித்தோன்றல். உலகைக் காப்பது அவன் பிறப்பிலேயே விதிக்கப்பட்ட கடமை. மீட்கப்பட்ட இளவரசி, ஆட்டத்தின் இறுதியில், தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டும்போது ஆடுபவருக்கு ஆம், இல்லை என்ற இரு விடைகள் தரப்படுகின்றன. இல்லை என்றால், ஆம் என்று சொல்லும்வரை அதே வேண்டுகோள் திரும்பத் திரும்ப எழுகிறது. அதே ஆட்டத்தில் பகையரசன், தன்னுடன் சேர்ந்தால் உலகில் பாதியைத் தருவதாகச் சொல்கிறான். ஒப்புக்கொண்டால் வீரனின் பயணம் அங்கேயே வீணாகி முடிகிறது. ஒன்றில் தெரிவு இருப்பதுபோலத் தோன்றினாலும் இல்லை. மற்றொன்றில் தெரிவு உண்மையிலேயே உண்டு, ஆனால் அது விதியிலிருந்து விலகுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. விதிக்கப்பட்ட வீரனுக்கு எஞ்சும் சுதந்திரம் தவறுவதற்கான சுதந்திரமே என்னும் கருத்து, இறையருளையும் மனித வீழ்ச்சியையும் பற்றிய கிறித்தவ இறையியல் விவாதங்களில் நெடுங்காலம் இடம்பெற்ற ஒன்று. எளிய சிறார் கதையாகத் தோன்றும் ஆட்டத்தில் அது எந்த விளக்கவுரையும் இன்றி, செய்து பார்த்து உணரும் வகையில் அமைந்துவிட்டது.

அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட மாரோவிண்ட் இப்படிமத்தையே வேறுவிதமாக ஆராய்ந்தது. அங்கே பேரரசர் ஒரு கைதியை விடுவித்துத் தொலைதூரத் தீவுக்கு அனுப்புகிறார். பழைய தீர்க்கதரிசனம் ஒன்றின் புற அடையாளங்கள் அக்கைதிக்குப் பொருந்துகின்றன என்பதே காரணம். மறுபிறவியெடுத்த வீரன் நீயா என்று கேட்டால் ஆட்டம் உறுதியான விடை தருவதில்லை. தீர்க்கதரிசனம் நிறைவேற வேண்டுமெனில், மூன்று பெருங்குடிகளும் நான்கு பழங்குடிக் குழுக்களும் அவனைத் தலைவனாக ஏற்க வேண்டும். அந்த ஏற்பை அவன் உதவியாலோ வாதத்தாலோ கையூட்டாலோ வாளாலோ பெற வேண்டியிருக்கிறது. ஒரு குகையில் அவன் சந்திக்கும் ஆவிகள், அவனுக்கு முன்னர் அதே அடையாளங்களுடன் வந்து தோற்றுப்போனவர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததால் அவன் வென்றானா, வென்றதால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் எனக் கருதப்பட்டானா என்பதை இறுதிவரை பிரித்தறிய முடியாது. கதைக்கு இன்றியமையாத ஒருவரை ஆடுபவர் கொன்றுவிட்டால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்துவிட்டது என்று அறிவிக்கும் ஆட்டம், அழிவு உறுதியான அவ்வுலகில் தொடர்ந்து வாழவும் அவரை அனுமதிக்கிறது. இங்கே விதி என்பது முன்னின்று தள்ளும் விசையாக இல்லை. பலரின் செயல்கள் கூடிவந்த பின்னர் திரும்பிப் பார்க்கையில் புலப்படும் வடிவமாக இருக்கிறது.

இரண்டாவது வகை நினைவிழந்தவர். ஆடுபவருக்கு அவ்வுலகைப் பற்றி ஏதும் தெரியாது. கதைமாந்தருக்கோ அங்கே ஒரு கடந்தகாலம் இருந்தாக வேண்டும். இவ்விடைவெளியை மறைக்க மறதி எளிய வழி என்பதால் பல ஆட்டங்கள் அதைக் கையாண்டன. ஃபைனல் ஃபேன்டசியின் 1997ஆம் ஆண்டு ஏழாம் பாகத்தில் கிளவுட் என்பவன் தன்னுடையதாகச் சொல்லும் நினைவுகளில் சில மற்றொருவனுக்கு உரியவை. பயோவேர் நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தில், உலகமே அஞ்சிய கொடுங்கோலன் தானே என்பதை நாயகன் பாதி வழியில் அறிகிறான். ஆனால் இவ்வுத்தியை மெய்யியலின் உச்சத்துக்குக் கொண்டுசென்ற படைப்பு, கிறிஸ் அவலோனின் தலைமை வடிவமைப்பில் 1999இல் வெளிவந்த பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட் ஆகும். அதன் பெயரற்ற நாயகன் ஒரு பிணக்கிடங்கில் கண்விழிக்கிறான். அவனால் சாக இயலாது. பலமுறை இறந்து, நினைவு அழிந்து, வேறொரு ஆளாகவே எழுந்திருக்கிறான். அவன் இறக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பதிலாக எங்கோ வேறொருவர் சாகிறார். அவனுடைய பழைய உருக்களில் ஒருவன், தன்னைக் காதலித்த பெண்ணைத் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்திச் சாகவிட்டிருக்கிறான். தன் தோழனை உறுதிமொழி ஒன்றால் காலமெல்லாம் அடிமையாகப் பிணைத்திருக்கிறான்.

நினைவில் இல்லாத செயலுக்கு ஒருவன் பொறுப்பாவானா என்பதே இங்கு எழும் வினா. ஜான் லாக், ஒருவரை நேற்றும் இன்றும் அதே ஆளாக ஆக்குவது உணர்வின் தொடர்ச்சியே என்று வாதிட்டார். அதன்படி நினைவறுந்த நாயகன் குற்றமற்றவன். பௌத்த நூலாகிய மிலிந்த பஞ்ஞாவில் நாகசேனர், மறுபிறப்பு எடுப்பவர் முன்னவரும் அல்லர், முற்றிலும் வேறானவரும் அல்லர் என்று விளக்கி, அதனாலேயே வினைப்பயனிலிருந்து தப்ப முடியாது என்று காட்டுகிறார். ஆட்டம் பௌத்தரின் பக்கமே நெருங்கி நிற்கிறது. நாயகன் தன் பழைய உருக்களைத் தானென ஏற்றுக்கொண்டு, பிரிந்துபோன தன் இறப்பை மீண்டும் பெற்று, செய்த வினைக்குரிய முடிவிலாப் போர்க்களத்துக்குச் செல்கிறான். மனித இயல்பை மாற்றவல்லது எது என்று சூனியக்காரி ஒருத்தி அவனிடம் கேட்கும் கேள்விக்குச் சரியான விடை இதுவே என்று ஆட்டம் எதையும் நிறுவுவதில்லை. ஆயினும் கதையின் போக்கு ஒன்றை உணர்த்துகிறது: நினைவு தரவியலாத அடையாளத்தைப் பொறுப்பேற்பு தருகிறது.

மூன்றாவது வகை, பகைவனுக்குப் பின்னால் ஒரு தெய்வமோ தெய்வத்தின் பெயரால் ஆளும் அமைப்போ இருப்பதைக் கண்டு அதை எதிர்ப்பவர். ஜப்பானிய ஆட்டங்களில் இது மிகுதி. 1998இல் வெளிவந்த ஸெனோகியர்ஸ், உலகைப் படைத்தவன் உண்மை இறைவன் அல்லன், அறியாமையில் உழலும் கீழ்நிலைப் படைப்பாளன் என்று போதித்த ஞானவாத மரபின் கருத்துகளை வெளிப்படையாகவே எடுத்தாண்டது. ஃபைனல் ஃபேன்டசியின் 2001ஆம் ஆண்டு பத்தாம் பாகம் இன்னும் கூர்மையானது. அங்கே ‘சின்’ எனப்படும் பேருரு ஊர்களை அழிக்கிறது. அது மக்களின் பாவத்துக்கான தண்டனை என்றும், அவர்கள் தூய்மையடைந்தால் ஒருநாள் ஓய்ந்துவிடும் என்றும் சமய நிறுவனம் போதிக்கிறது. ஆவிகளை வரவழைக்கும் ஆற்றலுடைய ஒருவர் கோயில் கோயிலாக யாத்திரை சென்று, இறுதியில் தம் உயிரைக் கொடுத்தால் அப்பேருரு சில காலம் ஒழியும். யூனா என்ற இளம்பெண், அவ்வாறே உயிர்கொடுத்த தந்தையின் வழியில், அதே பலிக்கு மனமுவந்து புறப்படுகிறாள். யாத்திரையின் எல்லையில் உண்மை வெளிப்படுகிறது: பேருருவை வீழ்த்தும் ஆவியே அடுத்த பேருருவாகிறது, பலி ஒருபோதும் முடிவுறாது, நம்பிக்கை பொய்யாயினும் ஆறுதல் தருவதால் அது காக்கப்பட்டுவருகிறது. யூனா அந்தப் பலியை மறுக்கிறாள்.

இம்மறுப்பைச் சமய மறுப்பு என்று சுருக்குவது பிழையாகும். யூனா தியாகத்தையோ வழிபாட்டையோ இழிவுபடுத்தவில்லை. துன்பத்தைத் துன்பப்படுவோரின் குற்றமாகக் காட்டி அதன் வேரைத் தொடாமல் விடும் போதனையையே அவள் ஏற்க மறுக்கிறாள். பழைய ஏற்பாட்டின் யோபுவும், தன் துயரம் தன் பாவத்தின் கூலி என்று சாதித்த நண்பர்களை எதிர்த்தே வாதிட்டான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. யூனாவின் மறுப்பை ஆடுபவர் தேர்வதில்லை; அதுவும் எழுதப்பட்டதே. எழுதிய ஆசிரியனுக்கு எதிரான கலகத்தையும் ஆசிரியனே எழுதித் தருகிறான் என்றால், அக்கலகத்தில் விடுதலை எங்கே இருக்கிறது என்ற வினாவை இவ்வகைக் கதைகள் தாமாகத் தீர்க்க இயலாது.

அதற்கு விடை, இறுதிப் பகைவனே இல்லாத ஓர் ஆட்டத்தில் கிடைக்கிறது. ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட அல்டிமா வரிசையின் நான்காம் பாகத்தில் கொல்லப்பட வேண்டிய இறுதி அரக்கன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களில் நிறைவடைந்து ‘அவதார்’ ஆவதே இலக்கு. கண்பார்வையற்ற பெண் வணிகரிடம் மூலிகை வாங்கும்போது குறைவாகக் காசு வைத்தாலும் பொருள் கிடைக்கும். ஆனால் ஆட்டம் அதை மறைவாகக் குறித்துக்கொள்கிறது. இங்கும் முடிவு ஒன்றுதான்; ஆனால் அம்முடிவை அடைபவர் எத்தகைய மனிதராக அடைகிறார் என்பது அவரவர் ஒழுகலாற்றில் இருக்கிறது. அறம் என்பது பயிற்சியால் படியும் பழக்கம் என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கைக்கு இது நெருக்கமானது. அறத்தைப் புள்ளிகளாக எண்ணுவது அதைக் கணக்கு வழக்காக்கிவிடுகிறது என்ற மறுப்பு நியாயமானதே. 2015இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய அண்டர்டேல் அம்மறுப்புக்கு முகங்கொடுக்கிறது: எவரையும் கொல்லாமலே அதை முடிக்கலாம், மற்ற ஆட்டங்களில் வளர்ச்சியின் அளவாக மதிக்கப்படும் அனுபவப் புள்ளிகள் இங்கே செய்த கொலைகளின் கணக்கே என்று இறுதிப்பகுதியில் தெரியவருகிறது, ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாலும் முன்பு செய்தவற்றுள் சில மறக்கப்படுவதில்லை.

இப்படிமங்கள் வணிக வசதிக்காகவே மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகின்றன என்று கூறுவோர் உண்டு. பெரும்பாலான ஆட்டங்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் கோயில் சிற்பிக்கும் இலக்கணம் உண்டு. அதே அளவுகளைப் பின்பற்றிய கைகளிலிருந்தே வெறும் கல்லும் வணங்கத்தக்க உருவும் வருகின்றன. படிமம் மீள்வது அதன் வறுமைக்குச் சான்றாகாது. அது சுமந்துவரும் கேள்வி இன்னும் தீராதிருப்பதற்கே சான்று.

மூன்று படிமங்களையும் சேர்த்து நோக்கும்போது ஒரு பொதுக் கருத்து துலங்குகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் பிறப்பைத் தேரவில்லை. நினைவிழந்தவர் தம் கடந்தகாலத்தைத் தேரவில்லை. இறைவனை எதிர்ப்பவர் தாம் எறியப்பட்ட உலகின் அமைப்பைத் தேரவில்லை. மூவருக்கும் விடுதலை தொடங்கும் இடம், தமக்கு அளிக்கப்பட்டதை அறிந்து, அதற்குள் நின்று செய்யும் செயலைத் தமது என்று ஏற்கும் இடமே. எழுதாத கதை எவருக்கும் வாய்ப்பதில்லை. பிறந்த குடும்பமும் காலமும் மொழியும் உடலும் எல்லோருக்கும் முன்னெழுதப்பட்டவையே. ஆகவே, விதி இருக்கிறதா இல்லையா என்று முதலில் தீர்த்துவிட்டுப் பின்னர் அறத்தைப் பற்றிப் பேசலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. செயலுக்குப் பொறுப்பேற்பவரே செயலின் உரிமையாளர். அவ்வுரிமையை எந்த விதியும் அவருக்கு அளித்துவிட முடியாது, அவரிடமிருந்து பறித்துவிடவும் முடியாது.